குழாயில் அடங்காத நட்சத்திரங்கள்

அந்த அம்மாள் எனக்கு ஆள் அனுப்பியது மாசி மாதம், அமாவாசைக்கு நாலு நாள் முன்பு. அவர் கணவர் முகத்துவாரத்தில் மூழ்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

கணவர் ஒல்லாந்தர் கோட்டையில் ஆழம் பார்க்கிற துரை. பழவேற்காட்டில் ஏரியும் கடலும் சேரும் இடத்தில் மணல் திட்டு ஒரே இடத்தில் நிற்காது. இந்த மாதம் வடக்கே இருக்கும், அடுத்த மாதம் தெற்கே நகர்ந்துவிடும். கப்பலிலிருந்து சரக்கு இறக்கி வரும் படகுகளுக்கு எது வழி என்று சொல்ல, ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டு அளந்து படத்தில் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அவர் வேலை. அவரை ஏற்றிப் போகும் தோணிக்குச் சுக்கான் பிடித்தவன் நான். கடைசியாக அவர் போன அன்று தோணியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். கரையேறியது நான் மட்டும்.

"இன்னாத்துக்குக் கூப்புடறாங்களாம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியல."

"போவாதயா. ஒடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பிச்சுடு."

அவளுக்கு மட்டும்தான் நடந்தது தெரியும். கோட்டையில் விசாரித்தபோது நான் சொன்னது வேறு. இருட்டப்போகிறது, திரும்பிவிடலாம் என்று நான் சொல்லியும் துரை கேட்கவில்லை, வானத்தில் ஏதோ பார்க்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்றுவிட்டார், அதனால் திட்டு தெரியாமல் தோணி மோதிக் கவிழ்ந்தது என்று சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

உண்மை இதுதான். சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் துரை தான் பார்க்க வந்ததைப் பார்த்து முடித்துவிட்டார். சின்னத் தூரக்கண்ணாடியைத் துடைத்து, காகிதங்களோடு மெழுகுத்துணிப் பையில் போட்டுக் கட்டினார். "போலாம்" என்றார். நான்தான், "எனக்கும் ஒரு தபா காட்டுங்க தொரை" என்று கேட்டேன். யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்து பையை மறுபடி அவிழ்த்தார். கண்ணாடியை என் கண்ணில் வைத்து, என் தலையைத் தன் கையால் திருப்பித் திருப்பிக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன். அவர் மகிழ்ச்சியோடு ஏதேதோ விளக்கினார். ஒரு நாழிகை அதில் போய்விட்டது. அதற்குள் தண்ணீர் ஏரியிலிருந்து கடலுக்கு இழுக்க ஆரம்பித்திருந்தது. எதிரே அலை. கீழே திட்டு. கவிழ்ந்ததும் அவர் அந்தப் பையை என் பக்கம் தள்ளினார். நான் பையைப் பிடித்தேன். அடுத்த அலை போன பிறகு பார்த்தால் பை மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. பையை நானே கொண்டுபோய் அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இவ்வளவும் மனதில் இருக்க, கூப்பிட்ட மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். அப்பா ஒல்லாந்தர், அம்மா தமிழ்க்காரர். நம்மைப்போலவே தமிழ் பேசுவார். மேஜையில் ஒரு காகிதத்தை விரித்து வைத்திருந்தார். உப்புநீர் பட்டு ஓரம் பழுப்பேறிய காகிதம். அதில் மையால் பதினான்கு புள்ளிகள். மூன்று புள்ளிகள் வளைந்த வரிசையாக, இரண்டு ஒட்டினாற்போல, மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாக. கீழே ஒல்லாந்தர் எழுத்தில் இரண்டு வரி.

"என்ன எழுதியிருக்கார் தெரியுமா? நாயின் வாலுக்குக் கீழே. மங்கல், சிதறல். குழாயில் அடங்கவில்லை, துண்டு துண்டாகப் பார்த்துச் சேர்த்தேன். இவ்வளவுதான்." காகிதத்தை என் பக்கம் நகர்த்தி, "அவரை வீட்டுக்கு வரவிடாம நிறுத்தி வச்சது இதுதானே. இது என்னன்னு நான் பார்க்கணும். நீ கூட இருந்தவன். எந்தப் பக்கம் பார்த்தார்னு காட்டு" என்றார்.

"சரிம்மா" என்றேன்.

மாடியில் மரக்கால்களின் மேல் நீளமான தூரக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதை அவர் குழாய் என்றுதான் சொல்வார். விளக்கு வைத்து ஒரு நாழிகைக்குப் பிறகு ஏறினோம். மாசி மாதத்தில் அந்த நேரத்துக்குத் தெற்கு வானத்தில் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக ஒரு வெள்ளை நட்சத்திரம் நிற்கும். அதற்குக் கீழே, கொஞ்சம் கிழக்கே தள்ளி, மூன்று நட்சத்திரங்கள் சின்ன முக்கோணமாக இருக்கும். ஒல்லாந்தர் கண்ணுக்கு அதெல்லாம் சேர்ந்து ஒரு நாய். முக்கோணத்தின் கிழக்கு முனை அதன் வால் என்று அம்மாள் சொன்னார். துரை என் தலையைத் திருப்பியது அந்தப் பக்கம்தான்.

முதல் மூன்று நாளும் ஒன்றும் கிடைக்கவில்லை. குழாயில் பார்த்தால் எங்கு திருப்பினாலும் மூன்று, நாலு நட்சத்திரங்கள் தெரிந்தன. கொஞ்சம் நகர்த்தினால் வேறு நாலு. எது காகிதத்தில் உள்ளது, எது இல்லாதது என்று எப்படிச் சொல்வது? அதோடு குழாயை வலது பக்கம் தள்ளினால் நட்சத்திரம் எதிர்ப்பக்கம் ஓடியது. நாலாம் நாள் வெளிச்சம் இருக்கும்போதே போய், குழாயைக் கரையிலிருந்த தென்னைமரத்தின் பக்கம் திருப்பினேன். மரம் தலைகீழாகத் தொங்கியது. கீற்று கீழே, வேர் மேலே.

"அம்மா, இது எல்லாத்தையும் கவுத்துக் காட்டுது. தொரை இதுல பாத்துதான வரஞ்சாரு?"

அவர் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "ஒரு வருஷமா இதைத் தப்பா பிடிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார்.

அன்றே ஒன்று கிடைத்தது. பெரிய வெள்ளை நட்சத்திரத்துக்குக் கீழே, கையை நீட்டினால் இரண்டு விரல் அகலத்தில், குழாய் நிறைய நட்சத்திரங்கள். அம்மாள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பொரியை அள்ளிப் போட்டது மாதிரி இருந்தது. "இதுதான்" என்றார். ஒரு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மறுநாள் காகிதத்தை வைத்து ஒப்பிட்டோம். வளைந்த வரிசை இல்லை. புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. நாயின் வாலுக்கும் அதற்கும் தூரம். துரை சிதறல் என்று எழுதியிருக்கிறார், இது சிதறல் இல்லை. கடைசியில் அவரே, "இது இல்லை, நான்தான் அவசரப்பட்டேன்" என்றார்.

பிறகு வளர்பிறை வந்தது. நிலா இருக்கும் வானத்தில் மங்கலானதைத் தேட முடியாது. பதினைந்து நாள் நிறுத்தினோம்.

அந்த நாட்களில் வீட்டில் பேச்சு சரியாக இல்லை. "அந்தம்மா மூஞ்சிய எப்படியா பாக்கற?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள். குழந்தைகள் இரண்டும் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தன.

"கேட்டாங்க. இல்லன்னு எப்படி சொல்றது?"

"ஒண்ணு சொல்லிடு. இல்லாங்காட்டி போவாத. ரெண்டுத்துக்கும் நடுவுல நின்னுக்கினு இன்னா பண்ற?"

அந்த அம்மாள் ஒவ்வொரு தடவையும் மாடியேறும்போது கணவரைப் பற்றி ஒரு கசப்பான வார்த்தை சொல்வார். "ஒரு பெண் வீட்டில் காத்துக்கிட்டு இருக்கான்னு நினைப்பு இல்லை" என்பார். "என்னைவிட இந்தப் புள்ளிகள் பெரிசாப் போச்சு" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு நான் குழாயின் திருகைத் திருகிக்கொண்டிருப்பேன். அந்தக் கசப்பு நான் சொன்ன பொய்யிலிருந்து வந்தது. ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்று போவேன். இறங்கி வரும்போது நாளைக்குச் சொல்லலாம் என்று வருவேன்.

பங்குனியில் நிலா தேய்ந்ததும் மறுபடி ஆள் வந்தது. மாடியில் இனி வேண்டாம் என்று நான் சொன்னேன். கோட்டை விளக்கும் தெரு விளக்கும் கண்ணைக் கெடுத்தன. எங்கள் தோணிரேவுக் கரையில் தெற்கே பார்த்தால் தண்ணீர் மட்டும்தான், வெளிச்சமே கிடையாது. அங்கே வரச் சொன்னேன்.

பொழுது சாய்ந்ததும் ஒரு கூண்டு விளக்கோடு தனியாக நடந்து வந்தார். காய்ந்துகொண்டிருந்த வலைகளைத் தாண்டி, கவிழ்த்துப் போட்ட தோணியின் மேல் உட்கார்ந்தார். விளக்கை அணைத்துவிட்டோம். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஏரியில் மடவை மீன் கூட்டம் மேலே வரும்போது இருட்டில் தண்ணீர் லேசாக வெளுக்கும். அதை நேராகப் பார்த்தால் தெரியாது. பக்கத்தில் எதையாவது பார்ப்பதுபோல இருந்தால் கண்ணின் ஓரத்தில் தெரியும். வலை வீசுகிறவர்கள் எல்லாருக்கும் இது பழக்கம். வானத்துக்கு இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. அன்று குழாய் இல்லாததால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நாயின் வால் நட்சத்திரத்தைப் பார்த்தேன். பிறகு பார்வையை அங்கிருந்து மேற்கே நகர்த்தினேன். வாலுக்கு நேர் தெற்கே, ஒன்றரை விரல் அகலத்தில், மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி ஒரு வெளுப்பு. நேராகப் பார்த்தேன், காணோம். பார்வையை விலக்கினேன், வந்தது.

"அம்மா, கீது" என்றேன். கையை நீட்டிக் காட்டினேன்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு முதலில் தெரியவில்லை. தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள் என்று நான் இரண்டு தடவை சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமா, இருக்கு" என்றார்.

மடியிலிருந்து எதையோ எடுத்தார். அந்தச் சின்னத் தூரக்கண்ணாடி. துரை கடைசி நாள் கொண்டுவந்தது. நான் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு பெட்டியிலிருந்து அதை எடுக்கவே இல்லை என்றார். பித்தளையில் பச்சை படிந்திருந்தது, ஒரு ஓரம் புகைபோல மங்கியிருந்தது. ஆனாலும் பார்க்க முடிந்தது. பெரிய குழாய் அதிகம் காட்டும் என்று இத்தனை நாள் அதையே கட்டிக்கொண்டு அழுதோம். அது காட்டியதெல்லாம் ஒரு மூலைதான்; துரை கடைசி நாள் இதை எடுத்து வந்ததும் அதனால்தான். இந்தச் சின்னதில் அந்த வெளுப்பு முழுதும் ஒன்றாக வந்து, தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிந்தது. வளைந்த மூன்று. ஒட்டிய இரண்டு. மற்றவை கைதவறிச் சிந்தியதுபோல. இந்தக் கண்ணாடி கவிழ்த்துக் காட்டாது என்பதால் காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, விளக்கை ஒரு துணிக்குள் ஏற்றி, மாறி மாறிப் பார்த்தோம். பதினான்கும் இருந்தன. காகிதத்தில் இல்லாத இரண்டு கூட இருந்தன. ஒரு முள்ளால் அவற்றை அம்மாள் காகிதத்தில் குத்திக் குறித்தார்.

பிறகு நெடுநேரம் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. எடுத்ததும், "அழகா இருக்கு. ஆனா இதுக்காகவா" என்றார். "வீட்டுக்கு வரமாட்டேன்னு நிற்கிற அளவுக்கு இதுல என்ன இருக்கு?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தொரை வரமாட்டேன்னு சொல்லலம்மா."

"என்ன?"

"போலாம்னு சொன்னாரு. கண்ணாடிய பையில வச்சுக் கட்டிட்டாரு. நான்தான் எனக்கும் ஒரு தபா காட்டுங்கன்னு கேட்டேன். அவரு மறுபடி அவுத்தாரு."

அவர் கண்ணாடியை மடியில் வைத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நாழிகை இருக்கும்."

"அந்த ஒரு நாழிகை முன்னாடி கிளம்பியிருந்தா?"

"மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்துச்சு, திட்டு மேல அலை ஒடையறது தெரிஞ்சிருக்கும். தண்ணி வெளிய இழுத்திருக்காது."

"நீ பார்த்தியா? அன்னைக்கு இதைப் பார்த்தியா?"

"இல்லம்மா. ஒண்ணும் தெரியல. தெரியுதுன்னு பொய் சொன்னேன். இன்னிக்குத்தான் பாத்தேன்."

அவர் எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பன்னண்டு மாசமா அவரைத் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார். "கல்லறைக்குப் போய் நின்னுகூடத் திட்டியிருக்கேன். ஒருநாள்கூட அவருக்காக நான் சரியா அழலை." பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். இருட்டில் தனியாகப் போகிறாரே என்று இருபது அடி பின்னால் நானும் போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் நின்று, என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்குக் காலையில் கோட்டைக்கு வா. இதை எழுத்துக்காரர் முன்னாடி சொல்லணும்" என்றார்.

இரவு மனைவியிடம் சொன்னேன். வேலை போய்விடும், கட்டி வைத்து அடித்தாலும் அடிப்பார்கள் என்றேன். அவள் அழுதாள். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

கோட்டையில் எழுத்துக்காரர் போன வருஷத்து ஏட்டை எடுத்துப் படித்தார். துரை பேச்சைக் கேட்கவில்லை என்று நான் சொன்னது அதில் அப்படியே இருந்தது. எனக்கும் கொஞ்சம் எழுத்துத் தெரியும். எங்கள் ஊரில் படகுக்காரர்களில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பொய்யின் கீழே இருந்த என் கையெழுத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அம்மாள் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். "ஏன் அப்ப பொய் சொன்னே?" என்று எழுத்துக்காரர் கேட்டார். பயம் என்றேன். அடிக்கவில்லை. இனி கோட்டைத் தோணியைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை அந்த அம்மாள் கல்லறைத் தோட்டத்தில் அழுததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். வழியில் போன மீன்காரிகள் நின்று பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கணவர் போய் ஒரு வருஷம் கழித்து இன்னாத்துக்கு இப்ப அழுவறாங்க என்று அவர்களுக்குப் புரியவில்லை.

நான் மச்சினனோடு சேர்ந்து ஏரியில் வலை போட ஆரம்பித்தேன். முதல் வருஷம் கஷ்டமாக இருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் போகமாட்டேன். மச்சினன் போவான்.

அம்மாள் துரையின் படத்தை நல்ல காகிதத்தில் எழுதி, அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்து, அவர்கள் நாட்டில் வானம் பார்க்கிற படித்தவர் ஒருவருக்குக் கப்பலில் அனுப்பியதாகக் கேள்விப்பட்டேன். துரை பெயரை அதற்கு வைக்க வேண்டும் என்று எழுதினாராம். இரண்டு மழைக்காலம் போயிற்று. மூன்றாம் வருஷம் தை மாதம், நான் கரையில் இறாலை வகை பிரித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். தலையில் நரை தெரிந்தது. என் மனைவி மணையைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பதில் வந்திருக்கு" என்றார். "அவருக்கு முன்னாடியே ஒருத்தர் பார்த்து எழுதி வச்சிருக்காராம். தெற்கே ரொம்ப தூரத்துல, அவங்க நாட்டுக் கப்பலெல்லாம் சுத்தி வர்ற முனையில இருந்து. பட்டியல்ல வந்துடுச்சாம்."

"தொரைக்கு அது தெரியாதேம்மா. அவரு தானாத்தான பாத்தாரு" என்றேன்.

"ஆமா. தானாத்தான் பார்த்தார்." கையிலிருந்த கடிதத்தை மடித்தார். "வெள்ளிக்கிழமை நாகப்பட்டினம் போறேன். அங்கே தங்கச்சி இருக்கா. இனி இங்கே எனக்கு ஒண்ணும் இல்லை."

நான் தலையை ஆட்டினேன்.

"உன் மேல இருக்கிற கோபம் போயிடும்னு நெனச்சேன். நீ உண்மையைச் சொன்னே, உன் வேலையும் போச்சு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா போகலை. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சரிம்மா" என்றேன்.

என் குழந்தைகள் கழுத்தளவு தண்ணீரில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். "நீச்சல் தெரியுமா?"

"தெரியும்மா. நடக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அவருக்குத் தெரியாது. பத்து வருஷம் தண்ணி மேலயே வேலை. கத்துக்கச் சொன்னா சிரிப்பார்." இவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் என் மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெள்ளிக்கிழமை நான் ஏரியின் வடக்குப் பக்கம் இருந்தேன். அவர் படகு போனதைப் பார்க்கவில்லை. அன்று மடவை நிறையப் பட்டது. சாயங்காலம் மீனைக் கொடுத்துவிட்டு அந்தத் தெரு வழியாக வந்தேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாடியில் குழாய் வைத்திருந்த மரக்கால்களை மட்டும் விட்டுப் போயிருந்தார். அடுத்த மாதம் வேறொரு குடும்பம் வந்து அந்தக் கால்களில் கொடி கட்டித் துணி காயப்போட்டது.